தேயுமா, தேயாதா? பழைய ஹைஃபை துணைக்கருவிகள் வாங்க ஒரு முழு வழிகாட்டி

மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டில் ஓடும் ஊசியைத் தாங்கும் சின்னப் பொருள்) வாங்கப் போயிருந்தேன். பொருளைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். தேதி, இசைத்தட்டின் பெயர், எத்தனை பக்கம் ஓடியது என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கூட்டல் போட்டிருந்தார்: 212 மணி நேரம்.

"விலை அப்புறம் பேசலாம் தம்பி. முதல்ல இதைப் பாருங்க. இந்த ஊசிக்கு இன்னும் எவ்வளவு ஆயுசு இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க" என்றார்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், வேறொருவரிடம் "ஐம்பது மணி நேரம்கூட ஓடலை சார்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கியிருந்தேன். ஊசியின் முனை தட்டையாகத் தேய்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பிடித்த நான்கைந்து தட்டுகளின் கடைசிப் பாட்டு பாழாகிவிட்டது. ஊசிக்குக் கொடுத்த பணத்தைவிட அந்தத் தட்டுகள்தான் இன்றைக்கும் வலிக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் போன்ற பெரிய பொருள்களைப் பற்றி அல்ல. அவற்றைச் சுற்றி நாம் வாங்கும் கார்ட்ரிட்ஜ், கேபிள், ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜ் தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி), ஸ்டாண்டு, வால்வு (பழைய ரேடியோக்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்), மின்சார வடிகட்டி, தட்டு கழுவும் இயந்திரம் ஆகியவற்றைப் பற்றி.

முதல் படி: தேய்வதையும் தேயாததையும் பிரியுங்கள்

ஊசி தேயும். ஊசித்தண்டைத் தாங்கும் குட்டி ரப்பர் வளையம் இறுகிப்போகும், இல்லையென்றால் தொய்ந்துபோகும். பெல்ட், வால்வு, எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், பேட்டரி, ரப்பர் கால், வெல்வெட் பட்டை இவையெல்லாமே நாள்பட நாள்பட உயிர் குறையும் பொருள்கள். செம்புக்கம்பி, கருங்கல், இரும்பு ஸ்டாண்டு, டிரான்ஸ்ஃபார்மர், அலுமினிய ஹெட்ஷெல், தட்டின் மேல் வைக்கும் எடைக்கட்டை ஆகியவை நாம் போன பிறகும் இருக்கும்.

தேயாத பொருளைத் தைரியமாகப் பழையதாக வாங்கலாம். தேயும் பொருள் என்றால், தேயும் பகுதியின் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அந்தப் பகுதியைப் புதிதாக மாற்ற என்ன செலவாகும் என்று பார்த்து, அதைக் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகை புதுப் பொருளின் விலையை நெருங்கினால் விட்டுவிடுங்கள்.

பல நேரம் ஒரே பொருளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எம்.எம். (மூவிங் மேக்னெட், ஊசித்தண்டோடு காந்தம் அசையும்) வகை கார்ட்ரிட்ஜ் இதற்கு நல்ல உதாரணம். உள்ளே இருக்கும் சுருள் தேயாது. முன்பக்கம் செருகியிருக்கும் ஊசி தேயும், ஆனால் கையால் உருவி மாற்றிவிடலாம். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருந்தாலும் பழைய ஷூர் உடல்களை இன்னும் தேடி வாங்குகிறார்கள், ஏனென்றால் ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் அவற்றுக்கு மாற்று ஊசி செய்து தருகிறார்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் உடலில் 2எம் ப்ளூ ஊசி அப்படியே பொருந்தும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையில் எந்த ஊசியை எந்த உடலிலும் மாட்டலாம். ஆக, ஊசி போன ஒரு விஎம்95 உடல் மலிவாகக் கிடைத்தால் அது குப்பை அல்ல, நல்ல ஊசிக்குக் காத்திருக்கும் பாதிப் பொருள்.

எம்.சி. (மூவிங் காயில்) வகையில் இந்த வசதி கிடையாது. ஊசித்தண்டோடு சுருளும் சேர்ந்திருப்பதால் வீட்டில் மாற்ற முடியாது. கைதேர்ந்தவர்களிடம் அனுப்பி முனையை மாற்ற வேண்டும், அல்லது பழையதைத் திருப்பிக் கொடுத்துத் தள்ளுபடியில் புதியது தரும் நிறுவனமாக இருக்க வேண்டும். அதனால் பழைய எம்.சி.யை, ஊசியை நேரில் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டில் இருப்பதோடு பொருந்துமா?

எவ்வளவு உயர்ந்த கார்ட்ரிட்ஜாக இருந்தாலும் உங்கள் டர்ன்டேபிளின் கைக்கு, அதாவது டோன்ஆர்முக்குப் பொருந்தாவிட்டால் வீண். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கையின் பயனுறு எடை (கை அசையும்போது ஊசி உணரும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கூட்டி, அதை கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் (ஊசித்தண்டு எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கும் என்பதைக் காட்டும் எண்) பெருக்குங்கள். வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் கையும் ஊசியும் சேர்ந்து அதிரும் அதிர்வெண் கிடைக்கும். அது 8இலிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டில் கை ஆடும். மேலே போனால் பாட்டின் அடித்தள ஒலியிலேயே தலையிடும்.

உதாரணமாக டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் கையின் பயனுறு எடை 12 கிராம். 2எம் ரெட்டின் எடை 7.2 கிராம், நெகிழ்வு 20. திருகுகளையும் சேர்த்தால் மொத்தம் 20 கிராம். இருபதை இருபதால் பெருக்கினால் 400, அதன் வர்க்கமூலம் 20. 159ஐ இருபதால் வகுத்தால் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். எல்லையில் நிற்கிறது, ஆனாலும் சரிப்படும்.

ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்களில் ஒரு கவனம் தேவை. அவர்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள். மேலே சொன்ன கணக்கு 10 ஹெர்ட்ஸ் அளவுக்கானது. 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்காக்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள். டெனான் டிஎல்-103 என்ற புகழ்பெற்ற எம்.சி.யின் நெகிழ்வு அந்த அளவில் வெறும் 5தான். கனமான கை அதற்கு வேண்டும். மெல்லிய கையில் மாட்டிவிட்டு "என்னப்பா, இதுக்கா இவ்வளவு பேரு?" என்று விற்றுவிடுபவர்கள் உண்டு. உங்களிடம் கனமான கை இருந்தால் அப்படி விற்பவர்களிடம் வாங்கலாம், பொருளில் குறை இருக்காது.

அடுத்தது ஃபோனோ ஸ்டேஜ். எம்.எம். கார்ட்ரிட்ஜ் 3இலிருந்து 5 மில்லிவோல்ட் வரை தரும். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். பத்தில் ஒரு பங்கு. உங்கள் ஃபோனோ ஸ்டேஜில் எம்.சி. வசதி இல்லையென்றால் நடுவே ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். பழையதாக வாங்குவதற்கு எனக்கு மிகவும் பிடித்த பொருள்களில் இது ஒன்று. உள்ளே இரும்பும் செம்பும் மட்டும்தான், மின்சாரமே வேண்டாம். ஒன்றுக்குப் பத்து விகிதமுள்ளதை மாட்டினால் 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும். ஃபோனோ ஸ்டேஜின் 47 கிலோ ஓம் உள்ளீட்டுத் தடை கார்ட்ரிட்ஜ் பக்கத்திலிருந்து 470 ஓமாகத் தெரியும். டிஎல்-103க்கு அது போதும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இந்த டிரான்ஸ்ஃபார்மரின் சுருளை மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்க்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் நேர்மின்சாரம் உள்ளிருக்கும் இரும்பைக் காந்தமாக்கிவிடக்கூடும்.

மூன்றாம் படி: ஊசியைக் கண்ணால் பாருங்கள்

எத்தனை மணி நேரம் ஓடும் என்பது முனையின் வடிவத்தைப் பொறுத்தது. ஆடியோ-டெக்னிகா சொல்லும் கணக்கில் நீள்வட்ட முனைக்கு 300 மணி, கூம்பு முனைக்கு 500, ஷிபாட்டா முனைக்கு 800, மைக்ரோலீனியர் முனைக்கு 1,000. எல்.பி. தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் என்றால் 300 மணி என்பது 900 பக்கம். தினமும் இரண்டு தட்டு முழுதாகக் கேட்பவர் நீள்வட்ட ஊசியை எட்டு மாதத்துக்குள் தேய்த்துவிடுவார். "மூணு வருஷமா வெச்சிருக்கேன், அதிகமா கேட்கலை" என்று ஒருவர் சொன்னால் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப் வாங்கி வைத்திருக்கிறேன். விலை குறைந்ததுதான். அதில் நுணுக்கமான தேய்மானத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் பெரிய மோசடி தெரிந்துவிடும். முதலில் ஊசியை அதற்குரிய பிரஷ்ஷால், பின்னிருந்து முன்னாக, மெதுவாகத் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் கை போகவே கூடாது. அப்புறம் முன்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழும்படி பிடித்துப் பாருங்கள். நல்ல முனையில் ஒளி ஒரு சின்னப் புள்ளியாக வழுக்கி நகரும். தேய்ந்த முனையில் இரண்டு பக்கமும் சின்னக் கண்ணாடித் துண்டு பதித்ததுபோலத் தட்டையான இரு மினுக்கம் தெரியும். ஒளியை லேசாகத் திருப்பினால் அந்த மினுக்கம் சட்டென்று எரிந்து சட்டென்று அணையும். அதுதான் உங்கள் தட்டின் பள்ளத்தைச் செதுக்கப்போகும் உளி. நான் ஏமாந்த ஊசியில் இதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அதற்கப்புறம் இந்தச் சோதனை இல்லாமல் எதையும் வாங்கியதில்லை.

முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசித்தண்டு நட்டநடுவில், நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் யாரோ தட்டியிருக்கிறார்கள், அல்லது பல வருடம் ஆன்ட்டி-ஸ்கேட் (கை உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பு) தவறாக இருந்திருக்கிறது. அடுத்து, சரியான எடையில் ஊசியைத் தட்டின் மேல் இறக்கிவிட்டு பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசுகிற மாதிரி தாழ்ந்திருந்தால் உள்ளே ரப்பர் தொய்ந்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இது சீக்கிரமே நடக்கும். "பெட்டியே பிரிக்காத பழைய சரக்கு" என்று வரும் முப்பது வருடத்துக் கார்ட்ரிட்ஜிலும் ரப்பருக்கு வயது முப்பதுதான்.

எம்.எம். என்றால் மல்டிமீட்டரில் இரண்டு பக்கச் சுருளையும் பார்க்கலாம். வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது பக்கம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். 2எம் ரெட்டில் சுமார் 1.3 கிலோ ஓம். ஒரு பக்கம் எண்ணே வரவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, எழுந்து வந்துவிடலாம். எம்.சி.யில் இந்தச் சோதனை வேண்டாம், அந்த மெல்லிய சுருளைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே நல்லது.

நான்காம் படி: காதால் கேளுங்கள், உங்கள் தட்டில்

விற்பவர் போடும் தட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். நீங்கள் நூறு தடவை கேட்ட தட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். கேட்க வேண்டியது முதல் பாட்டை அல்ல, கடைசிப் பாட்டை. 33⅓ வேகத்தில் சுற்றும்போது தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடுகிறது. உள் முடிவில் அது சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துப் பதிந்திருக்கிறது. தேய்ந்த முனையால் அந்த நெருக்கத்துக்குள் புக முடியாது. பாடுபவரின் 'ச', 'ஸ' எழுத்துகள் எச்சில் தெறிப்பதுபோலச் சிதறும். நாகஸ்வரத் தட்டு இருந்தால் இன்னும் நல்லது. மேல் ஸ்தாயியில் குழல் பிளந்து கேட்டால் ஊசி போய்விட்டது.

வேகம் சீராக இருக்கிறதா என்று பார்க்க ஆயிரம் கருவிகள் உண்டு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்குத் தம்புரா போதும். ஆலாபனை தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளைக் கேளுங்கள். சுருதி லேசாக அலைந்தாலும் உடனே தெரியும். பெல்ட் தளர்ந்திருக்கலாம், பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கலாம். இரண்டும் சின்னச் செலவுதான், விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

இரண்டு பக்கமும் சமமாக ஒலிக்கிறதா என்பதற்கு ஒரு மோனோ தட்டு. அறுபதுகளின் சினிமா ஈ.பி. தட்டுகள் பெரும்பாலும் மோனோதான். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் கார்ட்ரிட்ஜா, கேபிளா, ஆம்ப்ளிஃபையரா என்று கேபிளை இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறுகிறதா என்பதிலிருந்தே குற்றவாளி அகப்படும்.

ஐந்தாம் படி: பின்பக்கத்து மின்சார லேபிள்

ஜப்பானிலிருந்து வந்த பொருள்களுக்கு இங்கே நல்ல மவுசு. அவற்றைச் செய்த விதமும் அவற்றை வைத்திருந்த விதமும் அப்படி. ஆனால் அங்கே மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பொருளைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100இலிருந்து 240 வரை என்று இருந்தால் கவலை இல்லை. 100 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வேண்டும்.

இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் 110 வோல்ட் தரும். நம் வீட்டு மின்சாரம் 240க்கு ஏறினால் அதுவும் 115ஆக ஏறும். 100 வோல்ட் பொருளுக்கு அது அதிகம், நாள்பட உள்ளே சூடேறும். 100 வோல்ட் தரும்படி சுற்றிக் கொடுப்பவரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். பொருள் இழுக்கும் வாட்டைவிட இரண்டு மடங்கு திறனாவது அதற்கு இருக்கட்டும்.

ஸ்டெப்-டவுன் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நேராக மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்துச் சுற்றும் ஏ.சி. மோட்டார் வைத்த பழைய பெல்ட் டர்ன்டேபிள்களில் இது பெரிய விஷயம். 60 ஹெர்ட்ஸுக்கான பித்தளைப் புல்லியோடு வந்த ஒன்றை இங்கே ஓட்டினால் 33⅓க்குப் பதில் 27.8தான் சுற்றும். 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தனி அடாப்டரில் ஓடும் ஃபோனோ ஸ்டேஜ்கள் சுலபம். அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் சிலவற்றுக்கு அடாப்டரே ஏ.சி. தரும். ஏ.சி.யா டி.சி.யா, எத்தனை வோல்ட், டி.சி. என்றால் நடுமுள் பாசிட்டிவா நெகட்டிவா என்று மூன்றையும் பாருங்கள். முள் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள்.

மின்சார வடிகட்டிகளையும் சர்ஜ் புரொடெக்டர்களையும் பழையதாக வாங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவற்றுக்குள் இருக்கும் காப்புச் சில்லு ஒவ்வொரு மின்வெட்டிலும் இடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். வெளியே விளக்கு எரியும், உள்ளே காப்பு இருக்காது. அமெரிக்க 120 வோல்ட் வடிகட்டி என்றால் இங்கே செருகிய நொடியே போய்விடும். அந்தப் பணத்துக்கு எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கும். ஸ்பீக்கரில் வரும் 'உம்ம்' என்ற இரைச்சலுக்குப் பாதிக் காரணம் அங்கேதான்.

ஆறாம் படி: கேபிள்

கேபிள் பற்றி நண்பர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் கேபிளில் முக்கியம் செம்பின் தடிமனும் முனைகளின் இறுக்கமும். 2.5 சதுர மி.மீ. செம்புக்கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0074 ஓம். மூன்று மீட்டர் தூரம் என்றால் போக வர ஆறு மீட்டர், மொத்தம் 0.045 ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அதனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பழைய ஸ்பீக்கர் கேபிள் வாங்க நினைப்பவர்களிடம், முதலில் அந்தப் பணத்தை ஊசியில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

டர்ன்டேபிளிலிருந்து ஃபோனோ ஸ்டேஜ் வரை போகும் கேபிள் மட்டும் விதிவிலக்கு. எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு அந்தக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை) உண்மையிலேயே ஒலியை மாற்றும். விஎம்95 வரிசைக்கு 100இலிருந்து 200 பிக்கோஃபேரட் வரைதான் சொல்கிறார்கள். சாதாரணக் கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் பக்கம் வைத்திருக்கும், ஃபோனோ ஸ்டேஜிலும் கொஞ்சம் இருக்கும். இரண்டு மீட்டர் கேபிள் போட்டால் எல்லை தாண்டிவிடும், மேல் ஒலி ஓரிடத்தில் தூக்கி அப்புறம் விழும். இங்கே குட்டையான, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த நல்ல கேபிள் பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள், செம்பு தேயாது.

பிரபல பெயர்களில் போலி மிக அதிகம். நார்டோஸ்ட், ஆடியோக்வெஸ்ட் நிறுவனங்களே போலிகளைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. பெட்டியும் சான்றிதழும்கூடப் போலியாக வரும், அதனால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. கடை பில் இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் கேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா, அந்த எண்ணை விநியோகஸ்தர் உறுதி செய்வாரா என்று பாருங்கள். பில் இல்லாத உயர்விலைக் கேபிளைப் பெயரில்லாத கேபிளின் விலைக்கு மேல் நான் வாங்குவதில்லை. மின்சாரக் கேபிள் என்றால் போலி உயிருக்கே ஆபத்து. மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று தொடவில்லை, எர்த் முனைக்கு முனை தொடர்பில் இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் சுவரில் செருகக் கூடாது.

ஒளி ஊடுருவும் உறைக்குள் செம்பு பச்சையேறியிருந்தால், முனையில் மட்டுமா உள்ளே தூரம் வரைக்குமா என்று பாருங்கள். முனை என்றால் ஒரு சாண் வெட்டிவிட்டுப் புது முனை போடலாம். கடற்கரையோர ஊர்களில் ஆர்.சி.ஏ. முனைகளும் கறுத்திருக்கும், அதைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துவிடலாம்.

ஏழாம் படி: கல்லும் இரும்பும்

அதிர்வைத் தடுக்கும் மேடைகள், கூர்முனைக் கால்கள் இவற்றில் பெரும்பாலானவை மரத்தளம் போட்ட வீடுகளை மனதில் வைத்துச் செய்தவை. நடந்தால் அங்கே தரை அதிரும். நம் வீடுகளில் காங்கிரீட்டின் மேல் டைல்ஸ். கூர்முனை டைல்ஸைக் கீறுவதுதான் மிச்சம். எடைக்கேற்றபடி செய்த ரப்பர், ஸ்பிரிங் கால்களைப் பழையதாக வாங்கினால் அது எத்தனை கிலோவுக்கானது என்று கேளுங்கள். உங்கள் பொருளின் எடைக்குச் சம்பந்தமில்லாதது வேலை செய்யாது.

கல்லைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். கிரானைட் அறுக்கும் கடையில் மிச்சத் துண்டு ஒன்றை வேண்டிய அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம். கடப்பைக் கல் இன்னும் மலிவு. ஸ்பீக்கர் ஸ்டாண்டு பழையதாகக் கிடைத்தால் வெல்டிங்கைத் தட்டிப் பாருங்கள், மேல் தட்டு ஸ்பீக்கருக்குப் போதுமா என்று அளந்து பாருங்கள், உட்கார்ந்தால் மேல் ஒலிக் கூம்பு காது உயரத்துக்கு வருமா என்று பாருங்கள். உள்ளே மணல் கொட்டும் வகை என்றால் மணலை நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

எட்டாம் படி: வால்வும் பழைய ஃபோனோ ஸ்டேஜும்

வால்வின் உச்சியில் வெள்ளிப்பூச்சு போல ஒரு பளபளப்பு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்துவிட்டது. பளபளப்பு ஓரத்தில் பழுப்பாகி மெலிந்திருந்தால் நிறைய உழைத்த வால்வு. பழைய முல்லார்டு, டெலிஃபங்கன் பெயர்களுக்குப் பெரிய விலை, அதனால் எழுத்தை அழித்து மறுபடி அச்சடிக்கும் வேலையும் நடக்கிறது. கண்ணாடியில் பொறித்த குறியைத் தேடுங்கள். முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தது என்றால் அடியில் 'பி' எழுத்தில் தொடங்கும் குறி இருக்கும். டெலிஃபங்கன் என்றால் முள்களுக்கு நடுவே கண்ணாடியின் அடியில் வைரவடிவம் புடைத்திருக்கும்.

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த 'பெல்' வால்வுகள் ஒரு காலத்தில் நம் வால்வு ரேடியோக்களில் இருந்தவை. பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர்களின் பெட்டியில் பெல் இசிசி83 இருந்தால் நல்ல விலைக்குக் கேட்டு வாங்குங்கள். உண்மையான ஆலை வால்வு, போலி செய்யும் அளவுக்கு வெளியே புகழ் பரவவில்லை.

இருபது வருடம் தாண்டிய ஃபோனோ ஸ்டேஜ் எதிலும் மின்வழங்கிக் கெப்பாசிட்டர்களை மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்க விட்டால், தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், மீன் வாடை போல ஒன்று வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். தட்டு இல்லாமல் ஒலியை முக்கால்வாசி வைத்து ஸ்பீக்கர் அருகே காது வையுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' இருந்தால் இயல்பு. அடிக்கடி 'படக்' என்று வெடித்தால் வேண்டாம்.

தட்டு கழுவும் இயந்திரத்தில் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்: உறிஞ்சும் மோட்டாருக்கு வலு இருக்கிறதா, தொட்டி ஒழுகுகிறதா, எந்த வோல்ட்டுக்குச் செய்தது. வெல்வெட் பட்டை தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். நூறு தட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு, நல்ல ஊசிக்கு அடுத்தபடி பணம் போட வேண்டிய பொருள் இதுதான் என்பேன்.

ஒன்பதாம் படி: பணம் கொடுப்பதும் கொண்டுவருவதும்

அதே ஊர் என்றால் நேரில் போங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். வெளியூர் என்றால், பொருள் ஓடுவதையும் வரிசை எண்ணையும் ஒரே வீடியோவில், நடுவே வெட்டாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்வதில் தப்பே இல்லை. கார்ட்ரிட்ஜை டோன்ஆர்மிலிருந்து கழற்றி, ஊசிக்கு மூடி போட்டு, கடினமான டப்பாவில் தனியாக அனுப்ப வேண்டும். டர்ன்டேபிள் என்றால் தட்டு மேடையும் பின்எடையும் தனித்தனியே, டோன்ஆர்மைக் கட்டிய நிலையில், பெட்டிக்குள் பெட்டியாக. வந்ததும் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள்.

பத்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

மாட்டியவுடன் உங்கள் நல்ல தட்டைப் போடாதீர்கள். கீறல் விழுந்த ஒரு தட்டை எடுத்து, டிஜிட்டல் எடைத்தராசில் ஊசி எடையை நிறுவனம் சொன்னபடி வைத்து, புரொடிராக்டர் தாளில் கோணம் பார்த்து, இரண்டு நாள் அதையே ஓட்டுங்கள். எல்லாம் சரி என்று காது சொன்ன பிறகு நல்ல தட்டு.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மயிலாப்பூர்க்காரர் கார்ட்ரிட்ஜைக் கொடுக்கும்போது அந்த நோட்டையும் கையில் கொடுத்து, "மிச்சப் பக்கத்துல நீங்க எழுதுங்க" என்றார். அவருடைய 212க்குக் கீழே ஒரு கோடு போட்டுத் தொடங்கினேன். மைக்ரோலீனியர் முனை. நேற்றைய கணக்கில் 391.